பாதியில் நின்ற விரல்

ஜனவரி, ராத்திரி ஒன்பதே கால்.
தம்பியின் ஆள்காட்டி விரல்
புருவத்துக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.
திரைக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும்
சுற்றிக்கொண்டே இருந்தது.

புருவத்தைத் தொட்டால் நான்.
ஆறு வயதில் அம்மிக்கல்லில் விழுந்து வாங்கிய தழும்புதான்
அவன் கையில் என் பெயர்.
கொஞ்சம் மேலே போய் நெற்றியில் அழுத்தினால்
தலைவலி.
இன்னும் தள்ளிப் பொட்டில் சுழற்றினால்
அப்பாவுக்கு மறுபடி கோபம்.
மூன்றில் எது?
ரூட்டரைப் பார்த்தேன்.
சிவப்பு.

மற்றவர்களென்றால்
படம் போனாலும் குரல் இருக்கும்,
'கேக்குதா, கேக்குதா' என்று கத்திக்கொண்டாவது இருக்கலாம்.
ஜெபஸ்டினுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.
படம் உறைந்தால்
வாயைப் பொத்தின மாதிரி.

அணைத்தேன். முப்பது எண்ணச் சொல்வார்கள்,
இருபத்திரண்டிலேயே போட்டுவிட்டேன்.
பச்சை, பச்சை,
அப்புறம் அதே சிவப்பு.
பின்னால் இருந்த துளையில் ஊக்கை நுழைக்கப் போய்
பயந்து எடுத்துவிட்டேன்.
மஞ்சள் ஒயரைப் பிடுங்கி, ஊதி, சொருகினேன்
குக்கர் வெயிட்டை ஊதுவதுபோல.

போன் டேட்டா?
முனிர்க்காவின் இந்தச் சந்தில்
எதிர்வீட்டு பால்கனியில் காயும் ஸ்வெட்டரை
இங்கிருந்தே மடித்து வைக்கலாம்.
ஜன்னல் கம்பியோரம் ஒரே ஒரு கோடு வரும்.
அதில் எழுத்து போகும், கை போகாது.
'என்ன சொன்னே?' என்று அனுப்பினேன்.
எழுத்தும் ஒற்றை டிக்கோடு நின்றது.

உதவி எண்ணில் ஒரு பெண் இந்தியில் கேட்டாள்,
எந்த விளக்கு மேடம்?
லால் என்றேன்.
நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா?
பத்து வருஷ டெல்லியில்
சிமிட்டுவதற்கு எனக்கு இந்தி தேவைப்பட்டதே இல்லை.
முஷ்டியை மூடித் திறந்து, மூடித் திறந்து
காட்டினேன்.
போனில்.
மேடம், லைனில் இருக்கிறீர்களா, என்றாள்.

காலையில் தரம்வீர் வந்தான்.
மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகள்கூடத் தெரியாத பனி.
ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனவன்
ஓரிடத்தில் நின்று சிரித்தான்.
பந்தர், என்றான்.
குரங்கு கடித்துப் பார்த்துவிட்டு
ருசிக்காமல் விட்டிருக்கிறது.

கறுப்புத் தோலை உரித்தான், உள்ளே வெள்ளைத் தோல்,
அதற்கும் உள்ளே
பிடித்திருக்கிறானா இல்லையா என்றே தெரியாதபடி
ஒரு கண்ணாடி இழை.
டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில்
இரண்டு முனைகளையும் படுக்க வைத்து மூடினான்.
குட்டித் திரையில் அவை
இரண்டு தூண்களாகத் தெரிந்தன,
தயங்கி, நேராகி, நெருங்கி,
ஒரு பொறி.
கோடு ஒன்றாகிவிட்டது.

மூலையில் ஓர் எண். பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் இரண்டு.
இணைப்பில் இவ்வளவுதான் இழப்பு என்று
பரீட்சை மார்க் காட்டும் பையனைப்போலத்
திரையை என் பக்கம் திருப்பினான்.
ஊரைவிட்டு வந்தபின்
தம்பி கையிலிருந்து எனக்கு வந்து சேராததையெல்லாம்
இந்தப் பெட்டி அளக்குமா என்று கேட்க நினைத்து
டீ குடிக்கிறியா என்றேன்.
இன்னும் நாலு வீடு பாக்கி, என்று
ஏணியைத் தோளில் போட்டான்.

பச்சை.
பாளையங்கோட்டையில் நல்ல வெயில்,
அச்சகத்து வாசலில் நின்று எடுத்தான்.
என் விரலை உயர்த்திப் பாதியில் நிறுத்தி
நேற்று இது என்ன என்று புருவம் தூக்கினேன்.
யோசித்தான்.
பிறகு தன் நெற்றியில் தானே ஓர் அறை.
கொசு.

நான் ராத்திரி முழுக்கத் தூங்காததைச் சொல்லவில்லை.
குரங்கைச் சொன்னேன்.
பல்லைக் காட்டி ஒயரைக் கடிப்பதாக அவன் நடித்ததில்
பின்னால் போன சைக்கிள்காரர் இறங்கியே விட்டார்.

ரூட்டருக்குத்தான் எங்களிடம் சொல் இல்லை.
முஷ்டியை மூடித் திறந்தேன்.
அப்படி இல்லை என்று தலையாட்டி
இடதுகை விரலை ஆன்டெனாவாக நிறுத்தி
அதன் பின்னால் முஷ்டியை வைத்தான்.
நானும் வைத்துப் பார்த்தேன்.
அந்த நேரம் பார்த்து
அங்கே என் படம் நின்றிருக்க வேண்டும்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
கையைத் தாழ்த்திக்கொண்டு
நான் முடிக்கட்டும் என்று
பார்த்துக்கொண்டே இருந்தான்.